மாடியில் காய்ந்த மஞ்சள் தாவணி

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்தப் படம் ஓடியது. பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

ஒன்பது வயதில் அதை அத்தையோடு மூன்று முறை பார்த்தேன். அப்பாவின் தங்கை. அம்மா இறந்த பிறகு எனக்குத் தலைவாரிச் சோறு போட்டவர். கல்யாணமாகாத பெண் தனியாகக் கொட்டகைக்குப் போகக்கூடாது என்பதால் நான் துணை.

கப்பல் கவிழ்ந்து, ஒரு பணக்காரப் பெண்ணும் கப்பல் சமையல்காரனும் ஆளில்லாத தீவில் ஒதுங்குவார்கள். ஒவ்வொரு தேங்காய்க்கும் ஒரு சண்டை. யாராவது பார்த்துக் காப்பாற்றட்டும் என்று அவளுடைய சேலையைத் தென்னை உச்சியில் கட்டுவார்கள். கடைசியில் கப்பல் வரும்போது, இருவரும் முண்டியடித்து ஓடிப்போய்ச் சேலையை இறக்கிவிடுவார்கள். கப்பல் போய்விடும். கொட்டகையே கைதட்டும்.

மூன்றாம் முறை, இடைவேளையில், ஆண்கள் பக்கத்தைப் பிரிக்கும் குட்டைச் சுவருக்கு மேலாக எங்கள் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் எனக்கு முறுக்கு நீட்டினார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். முகம் என்னைப் பார்த்திருந்தது, பேச்சு அத்தையிடம்.

“ஞாயித்துக்கிழமை உங்க மாடியில மஞ்சத் தாவணி காஞ்சா, நேரா உள்ள வந்து உங்க அண்ணன்கிட்டப் பொண்ணு கேக்கேன். காயலைன்னா உங்களுக்கு இஷ்டமில்ல. மத்தியான பஸ்ஸுக்கு ஊருக்குப் போயிருதேன்.”

“எங்கண்ணன் தொரத்துனா?”

“அவரு தொரத்தட்டும். நீங்க தொரத்தாம இருந்தாச் சரி.”

“தாவணி காயுமுங்க. கோணலா வெட்டற கண்ணு நேராப் பாத்தாப் போதும்.”

அத்தை எங்களை விட்டுப் போகப்போகிறார் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

ஞாயிறு காலை தாவணி கொடியில் ஏறியது. அத்தை கீழே போய் ஒப்புட்டுக்கு மாவு பிசைந்தார். நான் தாவணியை உருவி, மாடியில் கிடந்த பனியன் வேஸ்ட் மூட்டைக்குள் திணித்தேன். கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். புதுச் சட்டையோடு கட்டிங் மாஸ்டர் தெருமுனையில் நின்றிருந்தார். மாடியைப் பார்த்தார். சைக்கிள் செயினைச் சரிசெய்வதுபோல் குனிந்தார். நிமிர்ந்து மறுபடியும் பார்த்தார். பிறகு சைக்கிளைத் திருப்பினார்.

நான் சத்தம் வராமல் கைதட்டினேன். தாவணியை எடுத்து, கசங்கலை நீவி, திரும்பக் கொடியில் போட்டேன்.

பொழுது சாய அத்தை மாடிக்கு வந்தார். தாவணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“நல்லாத்தானே காஞ்சிருக்குது, கண்ணு” என்றார்.

நான் தலையாட்டினேன்.

அத்தை எங்கும் போகவில்லை. வந்த வரன்களை எல்லாம் வேண்டாம் என்றார். என் பிள்ளைகளுக்கும் அவர்தான் தலைவாரிச் சோறு போட்டார். தாவணியைப் பார்த்த பிறகும் கட்டிங் மாஸ்டர் வரவில்லை என்று நம்பியே கண்ணை மூடினார். சொல்ல எனக்கு நாற்பது வருடம் இருந்தது. சொல்லவில்லை.

படத்தில் அந்தச் சேலையை இறக்கியது அந்த இருவரும்தான். மூன்று முறை பார்த்தும் அது எனக்குப் புரியவில்லை.