வண்ணாந்துறையில் ஓட்டு

வடிவம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுபது வீட்டு அழுக்குத் துணியை ஒரே குவியலாகக் கொட்டினாலும் எது யாருடையது என்று மதியத்துக்குள் பிரித்து அடுக்கிவிடுவாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. சேங்கொட்டை மையைக் குச்சியால் தொட்டுத் துணியின் ஓரத்தில் அவளே போட்ட குறிகள் அவை. எத்தனை தடவை வெளுத்தாலும் போகாது. ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டுக்கு மூன்று புள்ளி. கடைத்தெருவில் ஜவுளி வியாபாரம் செய்த முகம்மது கனி வீட்டுக்கு ஒரு பிறை. பாதிரியார் வீட்டுக்குச் சிலுவைதான் போட நினைத்தாள்; அதை அழுக்குத் துணியில் போடலாமா என்று யோசித்து, கடைசியில் ஒரு கொக்கி போட்டாள்.

1911இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி அவள் பினாங்குக்கு வந்தபோது வயது பத்தொன்பது. கணவன் ராமதாஸ் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வந்து, ஆயர் ஈத்தாம் போகும் வழியில் ஆற்றோரம் இருந்த வண்ணாந்துறையில் ஒரு கல்லைப் பிடித்திருந்தார். நாற்பது குடும்பங்கள் அங்கே இருந்தன. ஊரின் வெள்ளைச் சட்டைகளில் பெரும்பாதி அந்தக் கற்களில்தான் வெளுத்தன. ராமதாஸ் அதிகம் பேசாதவர். வடிவம்மாள் அவருக்கும் சேர்த்துப் பேசினாள். இருவரும் நன்றாகவே ஒத்துப்போனார்கள்.

1926இல் ஆற்றோரச் சாலையை அகலப்படுத்தும் வேலை வந்தது. ஒரு நாள் காலை அளவு நூலோடு ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். கூட வந்தவர் சூசை. புக்கிட் மெர்தாஜாமில் பிறந்த கத்தோலிக்கர். நகர அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். துரை சொன்னதை அவர் தமிழில் சொன்னார்: சாலை ஓரத்துக் கற்களை மூன்று மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். வேறு இடம் தருவார்கள். எந்த இடம் என்று பேச, துறையின் சார்பில் ஒருவர் மட்டும் அடுத்த செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு வரலாம்.

போனவர் மாசிலாமணி. அவர்தான் துறைக்குத் தலைவர். அவருடைய அப்பா தலைவராக இருந்தார், அதனால் அவரும் இருந்தார். நல்ல மனிதர். வீட்டுச் சண்டைகளைத் தீர்ப்பார், கோவில் காரியங்களை முன்னின்று நடத்துவார். அலுவலகத்தில் துரை ஒரு வரைபடத்தை விரித்து விரலால் காட்டினார். மாசிலாமணி "ஆகட்டும் துவான்" என்றார்; ஐயா என்பதற்கு அங்கே அதுதான் மலாய்ச் சொல். துரை இன்னோர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அதற்கும் "ஆகட்டும் துவான்" என்றார். கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டார்.

கிடைத்த இடத்தை எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். தண்ணீர் இருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் மூங்கில் காடு. பத்து மணிக்கு முன் வெயில் எட்டிப் பார்க்காது, மூன்று மணிக்கு மேல் நிற்காது. வெயில் இல்லாத இடத்தில் வெளுப்பவர் என்ன செய்வார்?

வடிவம்மாள் நேராக மாசிலாமணியின் வீட்டுக்குப் போனாள்.

"தலைவரே, அந்த எடத்துல துணி எப்படிக் காயும்?"

"துரை காட்டினாரு. நான் என்னம்மா சொல்றது?"

"காயாதுன்னு சொல்றது. யாரைக் கேட்டுச் சரின்னீங்க?"

"தலைவருன்னா நாலு பேரைக் கேட்டுக்கிட்டா இருப்பாங்க?"

"உங்களைத் தலைவராக்குனது யாரு?"

மாசிலாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "அதானே, யாரு?" என்று கேட்டது வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

மறுநாள் வடிவம்மாள் வெளுத்த துணி கொடுக்கும் சாக்கில் சூசையின் வீட்டுக்குப் போய் நின்றாள். வேறு ஆளை அனுப்பினால் துரை பேசுவாரா என்று கேட்டாள்.

"பேசுவார். ஆனா யார் உன்னை அனுப்புனதுன்னு கேப்பார். எல்லாரும் சேந்து இவரைத்தான் எடுத்தோம்னு ஒரு கடுதாசி இருந்தா நல்லது."

"எல்லாரும் சேந்து எடுக்கிறதுன்னா எப்படி கிராணியாரே?"

சூசை சிரித்தார். "அதுக்குப் பேர்தான் ஓட்டு. இந்த டவுன்லயே இப்ப அது கிடையாது. முன்னெல்லாம் வரி கட்டுறவங்க ஓட்டுப் போட்டுச் சில கமிஷனர்களை எடுத்தாங்க. அதையும் நிறுத்திப் பதிமூணு வருசம் ஆச்சு. இப்ப எல்லாமே மேலருந்து நியமிக்கிறதுதான்."

"டவுன்ல இல்லைன்னா துறையிலயும் இருக்கக் கூடாதுன்னு சட்டமா?"

சூசை துணிக் கட்டை வாங்கிக்கொண்டார். "அப்படி ஒண்ணும் இல்ல லா" என்றார், மலாய்க்காரர் பேச்சின் இழுப்போடு.

துறைக்குள் பேச்சு ஒரு வாரம் நடந்தது. வீட்டுக்கு ஒரு ஓட்டு என்றார்கள் ஆண்கள். கல்லில் துணி அடிக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஓட்டு என்றாள் வடிவம்மாள். அப்படியானால் பெண்களும் போட வேண்டியிருக்குமே என்றார் ஒருவர். "போட்டா ஆத்துத் தண்ணி வத்திப்போயிடுமா?" என்று அவள் கேட்டாள். தீர்த்து வைத்தவர் மாசிலாமணி. "போடட்டும். எனக்கு ஒண்ணும் பயம் இல்ல" என்றார். தன்னை யார் தலைவராக்கியது என்ற கேள்வி அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கு ஒரு பதில் கிடைத்தால் தேவலை என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

எதிர்த்து நிற்க வேறு யாரும் முன்வராததால் வடிவம்மாளே நின்றாள்.

எழுதத் தெரிந்தவர்கள் அங்கே ஏழெட்டுப் பேர்தான். அதனால் சீட்டு வேண்டாம் என்று முடிவானது. இரண்டு பால் டின்களின் வாயைத் துணியால் கட்டி நடுவில் ஒரு கிழிசல் விட்டார்கள். மாசிலாமணியின் டின்னில் ஒரு வட்டம், வடிவம்மாளின் டின்னில் இரண்டு கோடு. ஆளுக்கு ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தான். கொடியில் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு அதன் பின்னால் டின்களை வைத்தார்கள். உள்ளே போனவர் என்ன செய்தார் என்று வெளியே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சூசை வந்தார். அவர்தான் பொத்தான் கொடுத்தார், அவர்தான் எண்ணினார். நூற்று மூன்று பேர் போட்டிருந்தார்கள். எண்ணி முடித்தபோது பொத்தான் நூற்று நான்கு இருந்தது.

சூசை மறுபடியும் எண்ணினார். நூற்று நான்குதான். வடிவம்மாள் தன் டின்னிலிருந்து கொட்டிய குவியலைக் கிளறி, ஒரு பொத்தானை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மற்றதைவிட அது லேசாக மஞ்சளாக இருந்தது. பிறகு திரும்பித் தன் கணவரின் சட்டையைப் பார்த்தாள். மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை.

"இது செல்லாது" என்று அதைத் தனியே எடுத்து வைத்தாள்.

ராமதாஸ் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் சிரித்தவர் மாசிலாமணி. பிறகு துறையே சிரித்தது.

மாசிலாமணிக்கு அறுபத்தொரு ஓட்டு, வடிவம்மாளுக்கு நாற்பத்திரண்டு. பழைய தலைவரே புதிய தலைவர். சூசை ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். அதன் அடியில் நூற்று மூன்று பேரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள்.

அன்று முழுவதும் வடிவம்மாள் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். மறுநாளிலிருந்து அவளால் முடியவில்லை. துணி அடிக்கும்போதெல்லாம் யார் யார் தனக்குப் போடவில்லை என்று கணக்குப் போட்டாள். துறையில் பெண்கள் மட்டுமே ஐம்பது பேருக்கு மேல். எப்படிப் பார்த்தாலும் அவர்களில் பலர் வட்டத்தில் போட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கல்லில் துவைத்த சின்னம்மாவிடம் கடைசியில் கேட்டேவிட்டாள். சின்னம்மா அவளைவிட ஐந்து வயது இளையவள், தங்கை போலப் பழகுகிறவள்.

"நீயுமா அவருக்குப் போட்ட?"

சின்னம்மா கையிலிருந்த துணியைப் பிழிந்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "ஆமாக்கா. நீ நல்லாப் பேசுவ. ஆனா நீ பேசுறப்ப நாங்க பேச எடம் இருக்காது. அவரு பேசமாட்டாரு, ஆனா உக்காந்து கேப்பாரு."

வடிவம்மாளுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து அதைக் கணவரிடம் சொன்னாள். அப்படியெல்லாம் இல்லை என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கொஞ்சம் அப்படித்தான்" என்றார். ஒரு பொத்தானைக் கள்ளத்தனமாகப் போடும் அளவுக்குத் தன் பக்கம் நின்ற மனிதரே சொல்லும்போது, அதில் உண்மை இருக்கத்தான் வேண்டும் என்று அவள் ஏற்றுக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாசிலாமணி மறுபடியும் அலுவலகத்துக்குப் போனார். அங்கே நடந்ததைச் சூசை பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறார். துரை கடிதத்தைப் படித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். பெண்களுமா என்று கேட்டார். பிறகு வரைபடத்தை விரித்து, மூங்கில் காட்டுக்கு மேற்கே மேட்டில் ஒரு வெட்டவெளியைக் காட்டினார். வெயில் நன்றாக விழும், ஆனால் ஆற்றிலிருந்து ஈரத் துணியைச் சுமந்து ஏற வேண்டும், சம்மதமா என்றார்.

மாசிலாமணியின் உதடு பழக்கத்தில் "ஆக" வரைக்கும் வந்துவிட்டது. அங்கேயே நிறுத்திக்கொண்டார். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார்.

"துவான், என்னை அனுப்புனவங்களைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். ரெண்டு நாள் வேணும்."

சூசை அதை அப்படியே மொழிபெயர்த்தார். துரை நாட்குறிப்பைப் பார்த்து, வெள்ளிக்கிழமை என்று குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். இத்தனை நாளாக இதைக் கேட்காமலே இருந்துவிட்டோமே என்று மாசிலாமணி வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் துறை கூடியது. அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு உட்கார்ந்து கேட்டார். வடிவம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி ஆளாகப் பேசினாள். மேடு போதும், ஆனால் சுமந்து ஏறப் படி வேண்டும், மழைக்கு ஒதுங்கத் தகரக் கொட்டகை வேண்டும் என்று முடிவானது. வெள்ளிக்கிழமை மாசிலாமணி அதையே சொன்னார். படி உடனே கிடைத்தது. கொட்டகைக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை துறையில் ஓட்டு நடந்தது. அடுத்த இரண்டு தடவையும் மாசிலாமணியே வந்தார். 1932இல், முழங்கால் வலி தாங்கவில்லை, இனிமேல் நிற்கமாட்டேன் என்றார். அந்த வருடம் வடிவம்மாள் நின்றாள். எழுபத்தெட்டுப் பேர் அவளுக்குப் போட்டார்கள். இந்த ஆறு ஆண்டுகளில் அவள் வாயை அடக்கிக்கொள்ளக் கற்றிருந்தாள் என்று சொல்ல முடியாது; நிறுத்திவிட்டு, "நீ சொல்லு" என்று மற்றவர் முகத்தைப் பார்க்கக் கற்றிருந்தாள்.

1936இல் கோட்டும் டையும் போட்ட ஓர் இளம் வழக்கறிஞர் துறைக்கு வந்தார். சட்டசபையில் மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்கள் உட்கார வேண்டும் என்று கவர்னருக்கு ஒரு மனு தயாராகிறது, அதற்குக் கையெழுத்து வேண்டும் என்றார். ஓட்டு என்றால் என்ன என்பதை மிகவும் பொறுமையாக, நிறுத்தி நிறுத்தி அவளுக்கு விளக்கினார். வடிவம்மாள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

"பொம்பளைங்களுக்கும் உண்டா தம்பி?"

"முதல்ல வரி கட்டுற ஆண்களுக்குன்னு கேக்குறோம். போகப் போகத்தான் மத்தவங்களுக்கு..."

"இங்க பத்து வருசமா நாங்களும்தான் போடுறோம்" என்று அவள் படுக்கை விரிப்பு, பால் டின், பொத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். இளைஞர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் குறிப்பெடுத்தார். எந்த ஆண்டு, எத்தனை பேர், எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது மனுவில் தொண்ணூறு கைநாட்டு இருந்தது. அதில் பாதிக்கு மேல் பெண்களுடையது. ஆண்களுடையது போதும் என்று அவர் சொல்லவில்லை.

பதில் வர ஒரு வருடம் ஆனது. ஓய்வுபெற்றுவிட்ட சூசை அந்தச் செய்தியோடு ஒரு மத்தியானம் வந்தார். ராமதாஸ் நாற்காலி எடுத்துப் போட்டார். மனு கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது என்று பதில் வந்திருப்பதாகச் சூசை சொன்னார்.

"அப்படின்னா என்ன அர்த்தம்?" என்றாள் வடிவம்மாள்.

"இப்ப இல்லைன்னு அர்த்தம். ஆனா முடியாதுன்னு எழுதலை."

"கேட்டது கணக்குல இருக்கில்ல?"

"இருக்கு. உங்க தொண்ணூறு கைநாட்டும் அந்தக் கட்டுலதான் இருக்கு."

"அப்ப சரி. அவங்களுக்கும் நம்மளைக் கேட்டுப் பழக நாளாகுமில்ல" என்று அவள் அவருக்குக் காப்பி ஊற்றினாள். நல்ல வெயில். மேட்டில் ஊரின் சட்டைகள் வரிசை வரிசையாகக் காற்றில் உப்பிக்கொண்டிருந்தன. சூசை குடித்து முடிப்பதற்குள் அவள் எழுந்து, காய்ந்ததை எடுக்கப் படியேறினாள்.