போத்தலுக்குள் இல்லாத கல்

பித்தப்பையை அகற்றியபின், அதிலிருந்த ஏழு கற்களையும் சின்னப் போத்தலில் போட்டு என்னிடம் தந்தார்கள். எங்கள் ஊரான வத்தேகமவில் என்னை நோய் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டினேன்.

இரண்டு மாதமாகியும் வலது விலாவுக்குக் கீழே வலி விடவில்லை. சாப்பிட்டால் முதுகுவரை இழுத்தது. கல்தான் போத்தலில் இருக்கிறதே, இது கேஸ்ட்ரிக் என்று பாமசியில் குளிசை வாங்கி விழுங்கினேன். சிறுநீர் தேயிலைச் சாயம்போலப் போனபோதும் தண்ணீர் போதவில்லை என்றுதான் நினைத்தேன். கண்டி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போகத் தெம்பில்லாமல், ஒப்பரேஷனுக்குப் பிறகு வரச்சொன்ன கிளினிக்கையும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் அம்பிட்டியவிலிருந்து வந்த தங்கை என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"ராத்தா, ஒங்கட கண்ணு மஞ்சளா ஈக்குது!"

"கல்லெல்லாம் எடுத்தாச்சே. இந்தா, போத்தலப் பாரு."

"போத்தல் கிடக்கட்டும். ஆஸ்பத்திரில தந்த கார்ட் எங்க?"

அலுமாரியில் மடித்தபடியே இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவரும் அதை வாசித்திருக்கவில்லை. அவள் வாசித்தாள்: வலி, காய்ச்சல், மஞ்சள் கண்டால் உடனே வரவும்.

அன்றே போனோம். ஒப்பரேஷனுக்கு முன்பே ஒரு கல் நழுவிப் பித்தக்குழாயில் அடைத்திருந்ததாம். கிருமியும் ஏறத் தொடங்கியிருந்தது. வாய்வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். "இவ்வளவு நாள் ஏன் வரல்ல?" என்று டொக்டர் கேட்டார். போத்தலைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது.

இன்னும் எண்ணெய்ச் சாப்பாடு ஒத்துக்கொள்வதில்லை, சீக்கிரம் களைத்தும் போகிறேன். ஆனால் கிளினிக் தவறுவதில்லை. போன வாரம் இதே ஒப்பரேஷன் செய்துகொண்ட பக்கத்து வீட்டுக்காரியைப் பார்க்கப் போனேன். அவளும் பெருமையாகப் போத்தலை நீட்டினாள். நான் கை நீட்டவில்லை.

"முதல்ல கார்டக் காட்டுங்க" என்றேன்.