அணில் மைக்கும் கேமராக்காரரும்

கல்யாண வீடியோ எடுத்துப் பழகிய ஒரு கேமராக்காரரை என் யூடியூப் சேனலுக்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒருநாள் அழைத்துப் போனேன். ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. கேமராத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேதான் யாரிடமும் பேசுவார்.

செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு தோப்பில், ராஜபாளையம் நாயின் வீரத்தைப் பற்றி நான் பேசுவதாக ஏற்பாடு. எல்லாம் தயார். நாய்க்காரர் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்துச் சங்கிலிக் கொக்கி கழன்றது. அந்த வெள்ளை நாய் என் முன்னால் வந்து நின்று உறுமியது. என் நெஞ்சையே முறைத்தது. வீரத்தைப் பற்றிப் பேச வந்தவன், ஓட வழி பார்த்தேன்.

"அண்ணே, கடிச்சுரும் போலிருக்கே!"

"ஓடிராதீய தம்பி. அது ஒங்களப் பாக்கல. சட்டையில மாட்டியிருக்கிற மைக்கப் பாக்குது."

காற்றுச் சத்தம் விழாமலிருக்க மைக்குக்குப் போட்ட ரோம உறை, அச்சு அசல் அணில்குட்டி.

"மெதுவாக் கழட்டித் தூரப் போடுங்க. கேமரா ஓடுது, சிரிச்ச முகமா இருங்க."

சிரித்தேன். கழற்றி வீசினேன். நாய் அதன் பின்னால் பாய்ந்தது. ஓடிவந்த நாய்க்காரர் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அந்தக் காட்சியைத் தேடினால், இல்லை. போனில் கேட்டேன்.

"பட்டனே அமுக்கல தம்பி, எனக்கும் பயந்தான். கேமரா ஓடுதுன்னு சொன்னா நீங்க ஓட மாட்டீயன்னு தெரியும். அதான் சொன்னேன்."

பதினெட்டு வருடமாக என் பெண்டாட்டிக்கே பிடிபடாத என்னை, அந்த மனிதர் அரை நாளில் எப்படித்தான் கண்டுபிடித்தாரோ!