இறால் வடைத் தாச்சி

தெரியாத வேலையைக் கெடுப்பவன் சாதாரண முட்டாள். தெரிந்த வேலையைக் கெடுப்பவன் நான். 2006 டிசம்பரில், மொன்றியல் லாசாலில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் இதை ஐயமற நிரூபித்தேன்.

எங்கள் கீழ்வீட்டுக்காரர் மொரோக்கோவில் பிறந்த யூதர். டாக்சி ஓட்டுபவர், என் வயதுக்காரர், மனைவியைப் பிரிந்து தனியே இருந்தவர். அவருடைய மகள் கலியாணத்துக்குப் பிறகு சமய ஆசாரத்தில் இறங்கிவிட்டாள். இறாலோ பன்றியோ பட்ட சட்டியில் சமைத்த எதையும் தொடமாட்டாள். இரண்டு வருடமாக அப்பா வீட்டில் அவளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். அந்த ஹனுக்காத் திருநாளுக்கு வந்து சாப்பிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். மனிதர் ஒரு கிழமையாக அடுப்பைச் சுரண்டித் துலக்கினார். புதுச் சட்டி வாங்கி, அவர்கள் முறைப்படி நீரில் அமிழ்த்தி எடுத்து வைத்தார்.

ஹனுக்காவுக்கு எண்ணெயில் பொரித்த பண்டம் சாப்பிடவேண்டுமாம். கேட்டதுமே அந்தத் திருநாளை எனக்குப் பிடித்துவிட்டது. அவர்கள் சுடுவது ஸ்ஃபெஞ்ச். பொங்கிய கோதுமை மாவை ஈரக்கையால் கிள்ளி, நடுவில் துளை போட்டு, பொரித்து, சீனி தூவவேண்டும். உளுந்து வடை சுட்ட கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா, நானே சுட்டுத் தருகிறேன் என்று வலியப் போய் வாய்விட்டேன்.

ஞாயிறு பின்னேரம் அவர் வீட்டில் மாவு பொங்கி நின்றது. மகளை மெட்ரோவிலிருந்து ஏற்றிவரப் புறப்பட்டவர், “நான் வரும்வரை ஒன்றையும் தொடாதே, நண்பா” என்றார்.

தொடாமல் இருந்திருக்கலாம். அந்தப் புதுச் சட்டியைப் பார்த்தேன். ஒரு முட்டை அவிக்கத்தான் காணும். மேலே ஓடி, வடை பொரிக்கிற எங்கள் பெரிய தாச்சியையும் கண்ணகப்பையையும் தூக்கிவந்தேன். போத்தலில் பாதி எண்ணெயை ஊற்றி, அவர்கள் வருமுன் ஒரு தட்டு நிறையச் சுட்டு அசத்துவதென்று இறங்கினேன். ஆறாவது பொன்னிறமாகும்போது கதவடியில் மனைவி.

“இஞ்சருங்கோ, தாச்சியை இஞ்சயோ கொண்டந்தனியள்?”

“ஓம். பாரும், எப்பிடிப் பொங்குது!”

“போன கிழமை உதிலதானே இறால் வடை சுட்டனாங்கள்!”

“வடிவாக் கழுவினனீர்தானே?” என்றேன்.

“அந்தப் பிள்ளை ரெண்டு வருசமாப் பட்டினி கிடந்தது கழுவாத சட்டிக்கோ?”

அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். மகள் வாசலிலேயே மூச்சை இழுத்து, “அப்பா, என்ன வாசனை!” என்று சிரித்தாள். நேரே மேசைக்கு வந்து தட்டை நோக்கிக் கையை நீட்டினாள். மனைவி என்னைப் பார்த்தாள். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் அந்த மனிதரின் ஒரு கிழமைப் பாடு அத்தனையும் போய்விடும், மகளும் போய்விடுவாள். இரண்டு விநாடி நான் முழுக் கள்ளனாகத்தான் நின்றேன்.

“தொடாதேங்கோ!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு உடைந்த பிரெஞ்சில் தாச்சி, இறால், என் புத்தி மூன்றையும் விளக்கினேன்.

தகப்பன் கதிரையில் இருந்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மகள் கையை இழுத்துக்கொண்டு, “புதுச் சட்டியில் ஏதாவது போட்டீர்களா?” என்றாள்.

“இல்லை.”

“போத்தலில் மிச்ச எண்ணெய்?”

“தொடவில்லை.”

“மாவில் உங்கள் கரண்டி பட்டதா?”

“கை மட்டும்தான். கழுவின கை.”

பிறகு கோட்டைக் கழற்றி, சட்டைக் கையைச் சுருட்டி, வேறொரு அடுப்பைத் தானே மூட்டினாள். அந்தச் சின்னச் சட்டியில் இரண்டிரண்டாக அவள் போட, தகப்பன் திருப்ப, தண்டனை பெற்றவனாய் நான் சீனி தூவினேன். முதலாவதைக் கையில் எடுத்து, வாய்க்குள் ஏதோ பிரார்த்தனை சொல்லிக் கடித்தாள். தகப்பன் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, ஏற்கெனவே மினுங்கிக்கொண்டிருந்த மேடையை வெகுநேரம் துடைத்தார். “இன்னொன்று” என்று கேட்டாள் மகள். என்னுடைய ஆறும் தாச்சியோடு எங்கள் வீட்டுக்குப் போயின. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தன.

ஒரு சின்னப் பொய் சொன்னால் எல்லாம் சுமுகமாகிவிடும் என்று தோன்றிய நேரங்கள் பிறகும் எத்தனையோ வந்தன. அப்போதெல்லாம் அவள் அன்று புறப்படும்போது சொன்னதுதான் முன்னால் வந்து நிற்கும். என்னைப் போல ஒருவன் புகுந்த சமையலறையில் எப்படித் துணிந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருந்தேன். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“நீங்கள்தான் சொல்லிவிட்டீர்களே.”