மினி லாரியில் வந்த வார்ம்-அப்

மாவட்டத் தடகளப் போட்டியில் பெண்கள் நீளம் தாண்டுதலுக்கு முதல் அழைப்பு வந்தபோது, எங்கள் பள்ளி மாணவி கௌசல்யா ஒரு மினி லாரியின் மேல் நின்று அதிர்ந்துகொண்டிருந்தாள். காலடியில் வைப்ரேஷன் மெஷின். பக்கத்தில் அதற்கு மின்சாரம் கொடுக்கும் ஜென்செட். கீழே நின்று வேகத்தைக் கூட்டச் சொல்லிக்கொண்டிருந்தவர் எங்கள் தாளாளர்.

நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. மெஷின் வந்தது

தாளாளர் முன்பு திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வைத்திருந்தவர். ஏதோ ஒரு ஜிம்மில் இந்த மெஷினைப் பார்த்துவிட்டு வாங்கி வந்தார். ஏறி நிற்க ஒரு பலகை இருக்கும். சுவிட்சைப் போட்டால் பலகையோடு நிற்பவரின் உடம்பு முழுவதும் அதிரும்; தசைகள் தாமாக இறுகி இளகும். புது வண்டிக்குச் செய்வதுபோல் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகுதான் சுவிட்சைப் போட்டார்.

"ஏனுங்க டீச்சர், இனிமே புள்ளைங்க ரவுண்டு ஓட வேண்டாமுங்க. இதுல ஏறி நின்னாப் போதும்."

"ஓடி முடிச்சுட்டு, தாண்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னாப் போதும் சார்."

"ஒரு நிமிஷமா? ரிக்கு கம்ப்ரசரே சூடு ஏற நேரமாவுமுங்க. சூடு ஏறாம பாறையில துளை போடற பிட்டை எறக்குவமா?"

கால் வேறு, கம்ப்ரசர் வேறு என்றேன்.

"நீங்க புஸ்தகம் படிச்சவங்க. நான் ஆயிரம் அடி எறக்குனவன்" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

எனக்கு மெஷின் மேல் கோபம் இல்லை. முதலில் ஓடி உடம்பை இளக்கி, அப்புறம் சற்று நேரம் முழங்காலை மடக்கி அதன் மேல் நின்று, இறங்கியதும் தாண்டியபோது சிலருக்குக் கால் நன்றாகத் துள்ளியதைப் பயிற்சியில் பார்த்திருக்கிறேன். சிலருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. துள்ளல் வந்தவர்களுக்கும் அது சீக்கிரமே அடங்கிவிடும். தாளாளர் பார்த்ததெல்லாம் மெஷினில் ஓடிய வேக எண்களை மட்டும்தான்.

2. பொன்னாடை

கௌசல்யா சேந்தமங்கலத்துப் பெண், பிளஸ் டூ. முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டி. அந்தச் சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடம். இல்லாவிட்டால் அக்காவோடு நூல் மில்லுக்கு. அவளுக்கு இது கடைசி வருடம்.

போட்டியன்று லாரியிலிருந்து இறங்கியவள், "மிஸ், காலு மரத்தாப்பல இருக்குதுங்க" என்றாள்.

"அது சூடு சாமி. போய்த் தாண்டு" என்றார் தாளாளர்.

தாண்ட விட்டால்தானே. மணல் குழி அருகே வரிசை நின்றதும் மைக் அலறியது: சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார், வீரர்கள் இருந்த இடத்திலேயே அமரவும். அமர்ந்தார்கள். மேடையில் ஒருவர் இன்னொருவருக்குப் பொன்னாடை போர்த்தினார். போர்த்தப்பட்டவர் எழுந்து மூன்றாமவருக்குப் போர்த்தினார். எல்லோருக்கும் ஆன பிறகு, விட்டுப்போன ஒருவர் கோபித்துக்கொண்டதால் ஒரு பொன்னாடையைக் கழற்றி அவருக்கும் போர்த்தினார்கள். தரையில் உட்கார்ந்திருந்த பெண்களின் உடம்பு ஆறிப்போனது.

கௌசல்யாவின் முதல் தாண்டல் பயிற்சியில் தாண்டுவதைவிடக் குறைவு. இரண்டாவது ஃபவுல். மிச்சம் ஒன்று.

"ஏத்துங்க மெஷின்ல" என்று தாளாளர் ஓடி வந்தார்.

ஏற்ற முடியவில்லை. அதற்குள் சிறப்பு விருந்தினர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மினி லாரியில் ஏறிவிட்டார். மாலையோடு அதிர்ந்தார்.

"ப-ல்-லெல்லாம் ஆ-டு-துங்க."

"வேலை செய்யுதுன்னு அர்த்தமுங்க" என்றார் தாளாளர், கௌசல்யாவை அப்படியே மறந்துவிட்டு.

"எனக்கும் இடுப்பு வலிங்க. ஒருக்கா ஏறிக்கறேன்" என்று பின்னால் ஒரு குரல். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை.

கௌசல்யா என்னைப் பார்த்தாள். "மிஸ், நான் ஓடிட்டு வந்தர்றேனுங்க."

லாரிக்கு அந்தப் பக்கம் இருந்த கொஞ்ச இடத்தில் ஓடினாள். முழங்காலைத் தூக்கிக் குதித்தாள். வேர்வை அரும்பியது. பெயர் சொன்னதும் நேராகப் போய் நின்று, ரன்-அப் எடுத்து, மணல் குழி ஓரப் பலகையில் சுத்தமாகக் கால் வைத்துத் தாண்டினாள். டேப் பிடித்தவர் இரண்டு முறை அளந்தார். இரண்டாம் இடம்; மூன்றாவது இடத்தில் வந்த பெண்ணைவிட ஒரு விரலளவு கூடுதல்.

3. ஃபிளெக்ஸ்

"பாத்தீங்களா டீச்சர். மெஷின் சூடுங்க அது. கொஞ்சம் லேட்டா ஏறியிருக்குது" என்றார் தாளாளர். பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள்: நடுவில் மெஷின், அதன் மேல் சிறப்பு விருந்தினர், கீழ் மூலையில் கௌசல்யா. அவள் இப்போது சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த மெஷின் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் வார்ம்-அப் முடிவதற்கும் தாண்டுவதற்கும் நடுவே இடைவெளி விழக் கூடாது. போட்டிக்குப் போனதும் சிறப்பு விருந்தினர் எப்போது வருகிறார், எத்தனை பொன்னாடை என்று முதலில் விசாரியுங்கள். கடைசிப் பொன்னாடை விழுந்த பிறகு பிள்ளையை ஓட விடுங்கள்.