உம் கொட்ட ஓர் ஆள்

ஸ்ட்ரெதமில் நான் துப்புரவு வேலை செய்யும் அலுவலகத்தில், தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலிருந்து வந்த ஓர் அக்காவும் அதே வேலையில் இருந்தார். அவருடைய தாய்மொழியைப் பேச அவரும் ஊரிலிருந்த தமக்கையும்தான் மிச்சம். தமக்கை இறந்தபின் ஒருநாள், தேநீர் இடைவேளையில், அரைகுறை ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார்.

"எங்கட வழக்கத்தில எதிரில ஒருத்தர் உம் கொட்டினாத்தான் கதை சொல்லலாம். என்ர மொழி உங்களுக்கு விளங்கத் தேவையில்லை. பத்து நிமிசம் இருப்பீங்களா?"

எனக்குக் கூச்சம். படி துடைக்க வேண்டும் என்று சொல்லி வாளியைத் தூக்கினேன்.

கூட வேலை செய்யும் மன்னார்க்காரர் சிரித்தார். "அண்ணை, உம் கொட்டவும் படிச்சிருக்க வேணுமோ?"

அடுத்த கிழமை எப்படியும் இருந்து கேட்பது என்று போனேன். அவரை வேறு கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

நான் துடைக்கப் போவதாகச் சொன்ன படியை, அவர் என்னிடம் கேட்ட அன்று காலையிலேயே நானும் அந்த அக்காவும் சேர்ந்துதான் துடைத்திருந்தோம்.