தளபதியின் பல்வலிப் பாட்டு

என் மனைவிக்குத் தணிந்த குரல். அவள் தொலைபேசியை எடுத்தால், பேசுவது நான் என்று நினைத்தே மறுபக்கத்தில் இருப்பவர் கதைப்பார். மோர்னிங்சைட்டில் இருந்த காலம் முழுவதும் கோவில் பாடகர் குழுவில் அவளுக்குப் பின்வரிசைதான். தனிப்பாட்டெல்லாம் உச்சத்தில் பாடுகிறவர்களுக்கே போனது.

போன வருடம் பிக்கரிங்குக்கு வீடு மாறினோம். விட்பியில் ஒரு குழு பழைய ஒப்பரெட்டாக்களை, அதாவது பாட்டும் பகிடியுமாகப் போகிற அந்தக் காலத்து நாடகங்களை, மேடையேற்றுகிறது என்று மகள் கண்டுபிடித்தாள். தனியாகப் பாட விரும்புகிறவர் தன் குரலுக்குப் பொருந்தும் பழைய பாட்டொன்றைத் தானே தேடிக்கொண்டு சனிக்கிழமை குரல் தேர்வுக்கு வரவேண்டும். மனைவி யோசிக்காமல் பெயரைக் கொடுத்துவிட்டாள். அவளுக்கும் சேர்த்து நான் யோசித்தேன். பகலில் எனக்குத்தான் வேலை இல்லை என்பதால் பாட்டுத் தேடுவதும் என் தலையில் விழுந்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஐந்து கோடுகள் இருக்கும், புள்ளி மேலே ஏற ஏறக் குரலும் ஏறவேண்டும் என்று மகள் சொல்லித் தந்ததுதான் என் சங்கீத ஞானம். அதை வைத்துக்கொண்டு மூன்று நாள் ரயிலேறிப் போய், நகரத்துப் பழைய புத்தகக் கடையொன்றில் பெட்டி பெட்டியாகக் கிளறினேன். இளவரசிகள், காதலிகள், பூக்காரிகள் எல்லோருடைய புள்ளிகளும் கூரைக்கு மேலே நின்றன. மூன்றாம் நாள் ஒரு பாட்டு அகப்பட்டது. ஒரேயொரு புள்ளிதான் மேற்கோட்டுக்கு மேலே எட்டிப் பார்த்தது. கடை என்றும் பாராமல் கைதட்டிவிட்டேன்.

மகள் கீபோர்டில் இரண்டு வரி வாசித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

"அப்பா, உது ஆம்பிளையள் பாடுறது. முன்னுக்கு நிக்கிற குறி வேற."

கோடுகளின் தொடக்கத்தில் ஒரு குறி இருக்குமாம். அது மாறினால் அதே கோட்டில் நிற்கும் புள்ளியும் வேறு சுரமாம். பாட்டும் ஒரு கிழட்டுத் தளபதியுடையது. பீரங்கிக்கு அஞ்சாத மனிதர் பல் வைத்தியருக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழே ஒளிக்கிறார். அன்று வெள்ளிக்கிழமை பின்னேரம்.

மனைவி தாளைப் பார்த்தாள். சுரம் முழுவதையும் ஒரு ஸ்தாயி உயர்த்தி வாசிக்கச் சொன்னாள். பாடினாள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது.

"நாளைக்கு உதுதான் பாடப்போறன்."

"சனமெல்லோ சிரிக்கும்."

"பகிடிப் பாட்டுக்குச் சிரிக்காமல் அழுறதே? நீங்கள் பேசாமல் வாங்கோ."

சனிக்கிழமை, அடுப்பு அணைந்ததா என்று பார்க்க நான் ஒருதரமும், கதவு பூட்டியதா என்று பார்க்க இரண்டுதரமும் திரும்பி வந்தபிறகே புறப்பட்டோம். மண்டபத்தில் அவள் பாடினாள். தளபதி பயப்படும் இடம் வந்ததும் பையைத் தடவிப் பூட்டின் திறப்பைத் தேடினாள், நாலடி நடந்தாள், திரும்பி வந்து இல்லாத கதவொன்றை இழுத்துப் பார்த்தாள். அது அப்படியே நான். மகள் என் விலாவில் இடித்தாள். பியானோ வாசித்த வெள்ளைக்கார அம்மா வாசிப்பதை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

தனிப்பாட்டு மட்டுமல்ல, வருகிற நாடகத்தில் தளபதியே அவள்தான் என்று சொல்லிவிட்டார்கள். வாள், தொப்பி, பெரிய மீசை எல்லாம் உண்டாம்.

காரில் அவள் பாடிக்கொண்டே வந்தாள். மீசை ஒட்டுகிற பசை தோலுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"அப்ப உங்கட மீசையை வழிச்சுத் தாங்கோவன்," என்றாள், அதையும் தளபதியின் குரலில்.